மேபெரி எந்தக் காலம்?

கேள்வி: அறுபதுகளில் வந்த அமெரிக்க டிவி காமெடித் தொடர் 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ'வை இன்றும் விடாமல் பார்ப்பவன் நான். மேபெரி என்ற அந்த அமைதியான சிற்றூர், துப்பாக்கி வைத்துக்கொள்ளாத ஷெரீஃப் (ஊர்ப் போலீஸ் தலைவர்), மரியாதை தெரிந்த பிள்ளைகள்... அந்தக் காலமே தனி. இன்றைய டிவி காமெடியில் கத்தலைத் தவிர என்ன இருக்கிறது? அப்படிப்பட்ட மனிதர்கள் இல்லாமல் போனதால்தானே அப்படிப்பட்ட தொடர்களும் வருவதில்லை?

பதில்: தொடர் எனக்கும் பிடிக்கும், அதில் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் 'அந்தக் காலம்' எது?

மேபெரி இருப்பதாகச் சொல்லப்பட்டது வட கரோலினா மாநிலத்தில். 1960 பிப்ரவரி 1 அன்று அதே மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடையின், வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டுக் கவுண்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்க மறுத்தார்கள், மாணவர்களும் எழுந்திருக்க மறுத்தார்கள். சரியாக இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 15-ல், டேனி தாமஸ் என்ற காமெடி நடிகரின் தொடரில் ஒரு எபிசோடுக்கு மட்டும் ஷெரீஃப் ஆண்டி டெய்லராக நடிகர் ஆண்டி கிரிஃபித் தலைகாட்டினார். அந்த அக்டோபரில் தனித் தொடராகவே சிபிஎஸ் சேனலில் தொடங்கிவிட்டது. 1968 ஏப்ரல் 1-ல் கடைசி எபிசோட். அதற்கு மூன்று நாள் கழித்து மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மொத்தம் 249 எபிசோடுகள். அவற்றில் குறிப்பிடும்படி வசனம் பேசிய கறுப்பினப் பாத்திரம் ஒன்றே ஒன்று, அதுவும் 1967-ல். அமைதியான ஊர்தான். யாரை வெளியே நிறுத்திவிட்டு வந்த அமைதி என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தொடரை எடுத்தவர்கள் அதை அறுபதுகளின் படம் என்று நினைத்துக்கொண்டும் எடுக்கவில்லை. கதை நடப்பது அறுபதுகளில் என்றாலும் அதன் மனநிலை முப்பதுகளுடையது என்று கிரிஃபித்தே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவர் 1926-ல் வட கரோலினாவின் மவுண்ட் ஏரியில் பிறந்தவர். தான் பையனாகத் திரிந்த நாட்களை நினைத்து அவர் ஏங்கினார். அந்த ஏக்கத்தைப் பார்த்து நீங்கள் ஏங்குகிறீர்கள். தொடக்கத்தில் அப்பா ஆண்டியும் பிள்ளை ஓப்பியும் தூண்டிலோடு நடக்கிறார்களே, அந்தப் பாதைகூட லாஸ் ஏஞ்சல்ஸில், பெவர்லி ஹில்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சரி, காலம் காரணம் இல்லை என்றால் வேறு எது? தொழில். முதலில் போட்ட திட்டப்படி சிரிக்க வைக்க வேண்டியவர் கிரிஃபித்தான். அவருடைய பெயரில் ஓடும் தொடர். ஆனால் உதவி ஷெரீஃப் பார்னி ஃபைஃபாக டான் நாட்ஸ் வந்து நின்றதும், இரண்டாவது எபிசோடிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது: சிரிப்பை இவனிடம் கொடுத்துவிட்டு நாம் பக்கத்தில் நின்றால் போதும். பெயர் போட்ட கதாநாயகர்களில் எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள், நீங்களே சொல்லுங்கள். நாட்ஸ் பார்னியாக நடித்து டிவிக்கான எம்மி விருதுகள் ஐந்து வாங்கினார். கிரிஃபித் இந்தத் தொடருக்காக ஒரு தடவைகூடப் பரிந்துரைக்கப்படவில்லை.

அடுத்த முறை பார்க்கும்போது பார்னியை விட்டுவிட்டு ஆண்டியை மட்டும் கவனியுங்கள். பார்னிக்கு ஒரே ஒரு தோட்டாதான் அனுமதி. அதுவும் துப்பாக்கியில் இல்லை, சட்டைப் பையில். ஆபத்து என்று கேட்ட மாத்திரத்தில் அந்த விரல்கள் பைக்குள் தடவுவதும் கழுத்து நீளுவதும் நமக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஆண்டி சிரிப்பதில்லை. எங்கோ பார்ப்பார், அல்லது கையை மட்டும் நீட்டுவார். நண்பனின் மானம் போகாமல் தோட்டாவைத் திரும்ப வாங்க வேண்டுமே. நாம் சிரிப்பது பார்னியைப் பார்த்துத்தான். அந்தச் சிரிப்பில் இளக்காரம் கலக்காமல் பார்த்துக்கொள்வது ஆண்டி.

கத்தல் என்றீர்களே, பார்னியைவிடக் கத்துகிற ஆள் எங்கே இருக்கிறார்?

மரியாதை தெரிந்த பிள்ளைகள் விஷயத்துக்கும் வருகிறேன். 1963-ல் வந்த எபிசோடில் ஓப்பி உண்டிவில்லால் ஒரு தாய்ப்பறவையைக் கொன்றுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறான். விஷயம் தெரிந்ததும் ஆண்டி அடிக்கவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு, தாயைத் தேடிக் கத்தும் குஞ்சுகளின் சத்தத்தைக் கேட்கச் சொல்கிறார், அவ்வளவுதான். பிள்ளை நல்லவன் என்பதால் அமைந்த காட்சி இல்லை இது. பிள்ளை தப்பு செய்வான், அப்பா எவ்வளவு குறைவாகப் பேசலாம் என்று உட்கார்ந்து யோசித்து எழுதிய காட்சி.

அதே ஆண்டு ஜனவரியில் வந்த 'மேன் இன் எ ஹர்ரி'யும் உங்களுக்கு நினைவிருக்கும். கார் ரிப்பேராகி ஞாயிற்றுக்கிழமை ஊரில் மாட்டிக்கொண்ட வியாபாரி துடிக்கிறார். இருக்கிற ஒரே டெலிபோன் லைனில் இரண்டு கிழவிகள் கால் மரத்துப்போவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திண்ணையில் பார்னி, வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டு அப்புறம் காதலி தெல்மா லூ வீட்டில் டிவி பார்ப்பது என்ற தன் மாபெரும் திட்டத்தைத் திரும்பத் திரும்ப அறிவிக்கிறார். முதல் தடவை காதில் விழாது, இரண்டாம் தடவை சிரிப்பு வரும், அடுத்த தடவை அந்த வியாபாரியைப் போலவே நமக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றும். ஒன்றுமே நடக்காத இந்தக் காட்சியை நேரம் பார்க்காமல் ஓட விட்டார்கள் பாருங்கள், அந்தத் துணிச்சலுக்குத்தான் நான் ரசிகன்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. 1965-ல் ஐந்தாவது சீசனோடு நாட்ஸ் சினிமாவுக்குப் போய்விட்டார்; அதன் பிறகு அவ்வப்போது விருந்தாளியாக வந்ததோடு சரி. அடுத்த சீசனிலிருந்து தொடர் கலருக்கு மாறியது. அதே மேபெரி, அதே ஷெரீஃப், ஆண்டி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அதே பீ அத்தை, நீங்கள் சொல்லும் அதே பொற்காலம். கடைசி சீசனில் ரேட்டிங்கிலும் நாட்டிலேயே முதலிடம். ஆனால் அந்தக் கலர் எபிசோடுகளில் எத்தனை உங்களுக்கு நினைவிருக்கிறது? காலம்தான் காரணம் என்றால் சிரிப்பு எங்கே போனது?

வீட்டில் சின்னவர்களுக்குப் போட்டுக்காட்டும் எண்ணம் இருந்தால், பீ அத்தையின் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் ஊறுகாயில் தொடங்குங்கள், 1961-ல் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காலத்துப் பெருமை மட்டும் பேசாதீர்கள், பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள்.