ஜுரம் விட்ட பையன்

அன்புள்ள அக்கா,

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் நைட் டியூட்டியில் 17 குழந்தைகளுக்கு நான் ஒருத்திதான். முந்தைய ஷிஃப்ட் நர்ஸிடமிருந்து ஓவர் (பொறுப்பு) எடுத்து முடிப்பதற்குள் ஒரு பெட்டில் டிரிப் தீர்ந்துவிட்டது. இன்னொரு குழந்தைக்கு டிரிப் ஏறும் கை வீங்கிப்போய், அதன் அப்பா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பத்து மணி ஆன்டிபயாடிக் ஆறு பேருக்கு. நடுவில் ஒரு புது அட்மிஷன். கடைசிக் கட்டிலில் ஒன்பது வயதுப் பையன், டெங்கு, ஐந்தாம் நாள். சாயங்காலமே ஜுரம் விட்டுவிட்டது, நன்றாகத் தூங்குகிறான் என்று அவன் அம்மா சந்தோஷமாகச் சொன்னார். அவனைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு மணிக்குப் போய்க் கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. பி.பி. 100/84. டாக்டரைக் கூப்பிட்டேன், ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள், பிழைத்துவிட்டான்.

முதலில் பார்க்க வேண்டிய பிள்ளையை ஏன் கடைசியில் பார்த்தாய் என்று இன்சார்ஜ் சிஸ்டர் கேட்டார். அன்று இரவு நான் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை அக்கா. சீனியர்கள் வார்டுக்குள் நுழைந்ததுமே யார் மோசம் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்தக் கண் எனக்கும் வருமா?

ம.

அன்புள்ள ம.,

வரும். பையன் பிழைத்தான் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒரு மணிக்காவது அவன் கையைத் தொட்டுப் பார்த்தீர்களே, அதை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். 100/84 என்பதை நார்மல் என்று எழுதிவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டெங்குவில் ஜுரம் விடும் நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்புச் சூடு இறங்கும்போது, சிலருக்கு ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். ஒன்றிரண்டு நாள் அப்படியே போகும். ரத்தம் கெட்டியாகும், பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும். எல்லோரும் பிளேட்லெட் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள்; பி.சி.வி. ஏறுகிறதா என்று கேட்கிற அப்பா அம்மாவை நான் பார்த்ததே இல்லை. நாம் கேட்க வேண்டும். உடம்பு குழாய்களை இறுக்கிப் பிடித்துச் சமாளிக்கும். அதனால் பி.பி.யின் மேல் அளவு இறங்காது, கீழ் அளவு ஏறும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால், குழந்தை ஷாக்கில், அதாவது உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போகாத நிலையில், இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் பையனுக்கு 16. அவன் தூங்கிக்கொண்டிருந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சோர்ந்து கிடந்தானா என்று யாரும் எழுப்பிப் பார்க்கவில்லை.

அம்மா சந்தோஷப்பட்டது இயல்பு. எந்த வீட்டிலும் ஜுரம் விட்டால் நிம்மதிதான். வீட்டுக்கு நல்ல செய்தியாக இருப்பது இந்த நோயில் நமக்கு எச்சரிக்கை. அதை யாரோ ஒருவர் உங்களுக்கு முன்பே சொல்லித் தந்திருக்க வேண்டும்.

சீனியர்களின் கண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். பேட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் 1984இல் இதை விரிவாக எழுதினார். செவிலியர் தேர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். புதிதாக வந்தவர்களுக்கு எல்லா வேலையும் ஒரே அளவு அவசரமாகத் தெரியும்; ஒரே மாதிரி வார்டில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்த பிறகுதான் எது முக்கியம், எதைத் தள்ளிவைக்கலாம் என்று பிரிக்க வரும் என்கிறார். உங்களுக்கு எட்டு மாதம். சீனியர் வாசலில் நின்று ஒரு பார்வை பார்க்கும்போது, அதற்கு முன் பார்த்த நூற்றுக்கணக்கான குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஒப்பிட உங்களிடம் அத்தனை பேர் இன்னும் சேரவில்லை.

எனக்கு 24 வயதில் நடந்ததைச் சொல்கிறேன். சர்ஜரி வார்டு. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வந்தவர். எட்டு மணிக்கு நாடித்துடிப்பு 96, ஒன்பதுக்கு 110, பத்துக்கு 124. மூன்றையும் என் கையால்தான் எழுதினேன். பி.பி. 120/80 என்பதால் வலியில் துடிப்பு ஏறுகிறது என்று நினைத்து, எழுதியிருந்த வலி ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அவரைத் திரும்பவும் தியேட்டருக்கு எடுத்துப் போனார்கள். நல்லவேளையாகப் பிழைத்தார். பெரியவர்களுக்கு உடம்பின் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போகும்வரைகூட பி.பி. தாக்குப்பிடிக்கலாம் என்பது நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம். நான் எழுதிய மூன்று எண்களையும் ஒருமுறை சேர்த்துப் படித்திருந்தால் போதும். இந்த நோயாளி ஒரு மணி நேரத்துக்கு முன் எப்படி இருந்தார் என்ற ஒப்பீட்டுக்கு அனுபவம் தேவையில்லை. அது உங்களால் இன்றைக்கே முடியும்.

அதனால் என் யோசனை ஒன்றுதான். ஓவர் எடுத்ததும் மருந்து டிராலியைத் தொடாதீர்கள். பதினேழு கட்டிலுக்கும் ஒரு சுற்று போங்கள், கட்டிலுக்கு அரை நிமிடம். பாதத்தைத் தொடுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், தூங்கினாலும். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பாருங்கள்; சந்தேகம் வந்தால் முழு நிமிடம் எண்ணுங்கள். பல வார்டுகளில் எல்லா கேஸ் ஷீட்டிலும் சுவாசம் 20 என்றே இருக்கும், எண்ணாமல் எழுதியது. பிரிட்டனில் பெரியவர்களுக்கு 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய, நோயாளி மோசமாகிறாரா என்று கணக்கிடும் எச்சரிக்கை மதிப்பெண் முறையில், சுவாசம் நிமிடத்துக்கு 25 ஆனாலே 3 மதிப்பெண், நாடி, பி.பி. போன்ற எந்த ஒன்றுக்கும் அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது. குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற அளவுகள் வேறு, ஆனால் எண்ணுவது எல்லோருக்கும் வேண்டும்.

அந்தச் சுற்றில் டிரிப் தீர்ந்திருந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், ஐந்து வினாடி. வீங்கிய கைக்கும் அதேதான்: மூடி, கையை உயர்த்தி வைக்கச் சொல்லிவிட்டு, "ஐயா, எல்லாரையும் ஒரு சுற்று பார்த்துட்டு நேரா இங்கதான் வரேன்" என்று அந்த அப்பாவிடம் சொல்லிவிட்டு நகருங்கள். எதுவும் சொல்லாமல் கடந்து போனால்தான் பெரும்பாலும் சத்தம் வரும். ஆன்டிபயாடிக்கில்கூட ஆறும் ஒன்றில்லை. மூன்று நாளாகப் போய்க்கொண்டிருக்கும் டோஸ் அரை மணி தள்ளிப்போனால் பெரும்பாலும் ஒன்றும் கெடாது. ரத்தத்தில் கிருமி பரவியிருக்கிறது என்று சந்தேகப்படும் குழந்தையின் முதல் டோஸ் தள்ளக்கூடாது. "இதை அரை மணி தள்ளினால் என்ன கெடும்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெங்குப் பிள்ளையின் அம்மாவையும் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். கை கால் சில்லிட்டால், வயிறு வலித்தால், விடாமல் வாந்தி எடுத்தால், நாலைந்து மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் உடனே கூப்பிடச் சொல்லுங்கள். டாக்டருக்கு ஃபோன் செய்யும்போது "ஒரு மாதிரி இருக்கான்" என்று ஆரம்பிக்க வேண்டாம். "டெங்கு, ஐந்தாம் நாள், ஜுரம் விட்டாச்சு, பி.பி. 100/84, கை சில்லுனு இருக்கு, உடனே வாங்க" என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவக் கல்லூரி அல்லாத மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. உங்களிடம் பதினேழு. கேள்வி கேட்ட இன்சார்ஜ் சிஸ்டரிடம் இந்த எண்ணையும் எழுத்தில் கொடுங்கள். நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய பாகம் அது.

அந்தப் பையன் ராத்திரி எட்டு மணிக்கு மேல் சிறுநீர் போனானா? கடிதத்தில் அது இல்லை. சார்ட்டில் யாராவது எழுதியிருந்தார்களா என்று பார்த்து எழுதுங்கள்.