கால்சைட் கோணம்: 104°28' சரியா, 105°5' சரியா?

கால்சைட் என்ற கனிமம் உடையும்போது கிடைக்கும் இரண்டு பிளவு முகங்களுக்கு இடையே உள்ள கோணத்தை ஒரு நூல் 104°28' என்றும் இன்னொன்று 105°5' என்றும் சொல்வது அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தீர்கள். அச்சுப்பிழை இல்லை. பழைய நூலில் நீங்கள் பார்த்த 104°28' என்பது பிரெஞ்சுக் கனிமவியலாளர் ஹாவி கணக்குப் போட்டு எடுத்த எண். புதிய நூலின் 105°5' அளந்து கிடைத்தது. கட்டுரையில் 105°5' போடுங்கள்.

ரெனே ஜூஸ்ட் ஹாவி, இயற்கை எளிய விகிதங்களையே கையாளும் என்று உறுதியாக நம்பினார். அதனால் கால்சைட்டின் பிளவுத் தளம் படிக அச்சுக்கு (படிகத்தின் நடுவே போகும் கற்பனைக் கோடு) சரியாக 45° சாய்ந்திருப்பதாக வைத்துக்கொண்டார். அன்று கையில் இருந்தது 1780 வாக்கில் காரஞ்சோ செய்த தொடு கோணமானி; இரண்டு உலோகக் கரங்களை முகங்களோடு ஒட்டவைத்துப் படிக்க வேண்டும். அதில் அரை டிகிரி தவறினாலும் தெரியாது. முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு அளக்கும் கோணமானியை வொல்லாஸ்டன் 1809-இல் அறிமுகப்படுத்திய பிறகு, கலை (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) அளவுத் துல்லியத்தில் அளக்க முடிந்தது. 37 கலை வித்தியாசத்தை இனி மறைக்க முடியாது.

நீங்களே சரிபார்க்கலாம். அச்சைச் சுற்றி 120° இடைவெளியில் மூன்று முகங்கள், ஒவ்வொன்றும் 45° சாய்வு என்றால், அந்த முகங்களுக்குப் போடும் செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட கோணத்தின் கோசைன் 0.5 − 0.25 = 0.25. கால்குலேட்டரில் அது 75°31'21". அதை 180°-இல் கழித்துப் பாருங்கள், ஹாவியின் எண் வந்து நிற்கும்.

இதற்காக அவரை ஒதுக்கிவிடாதீர்கள். முகங்கள் அச்சுகளை வெட்டும் நீளங்கள் சிறு முழு எண் விகிதங்களில் அமையும் என்ற அவரது விதி இன்றும் நிற்கிறது. அது பெரிய சாதனை.

ஒரு எச்சரிக்கை: சில அட்டவணைகளில் 74°55' இருக்கும். அதுவும் இதே கோணம்தான், செங்குத்துகளுக்கு இடையே அளந்தது. 101°55' மட்டும் வேறு. ஒரே முகத்தின் மூலையில் வருவது. இரண்டையும் கலக்காதீர்கள்.