மலரை அச்சகத்துக்கு அனுப்பும் முன்: அச்சகம் கேட்கும் சொற்களுக்கு விளக்கம்

முல்லைத்தீவு மாவட்டத்தில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், தமது பாடசாலையின் ஆண்டு நிறைவு மலரை ஏ4 அளவில் 118 பக்கங்களாக வேர்டில் தொகுத்து, வவுனியாவிலுள்ள அச்சகமொன்றுக்கு அனுப்பியிருக்கிறார். பிளீட் விடப்படவில்லை, படங்கள் 300 டி.பி.ஐ இல்லை, நிறங்கள் ஆர்.ஜி.பி.யில் உள்ளன, எழுத்துரு எம்பெட் ஆகவில்லை, பக்க எண்ணிக்கை சரிவராது என்ற குறிப்புகளோடு கோப்பு திரும்பி வந்திருக்கிறது. அச்சிட வேண்டிய பிரதிகள் 400. இந்தச் சொற்களின் பொருள் என்ன, பெரிய செலவின்றி இவற்றைத் தாமே திருத்த முடியுமா என்று கேட்கிறார்.

பெரும்பகுதியைத் தாங்களே திருத்தலாம். ஆனால் அச்சகம் கடைசியாகச் சொன்ன பக்க எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். மற்றவை அதைப் பொறுத்தே அமையும். பெரிய தாளொன்றில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சிட்டு, மடித்து, வெட்டுவதால், பக்கங்களின் எண்ணிக்கை குறைந்தது 4-ஆல் பிரிபட வேண்டும்; 8 அல்லது 16-ஆல் பிரிபட்டால் தாள் வீணாவது இன்னும் குறையும். தங்கள் 118 பக்கங்களை 120 ஆக்குவதே எளிது. இத்தனை பக்கங்களை நடுவே மடித்துக் கம்பி பின் அடித்தால் மலர் விரிந்து நிற்கும் என்பதால், முதுகில் பசை ஒட்டிக் கட்டும் பேர்பெக்ட் பைண்டிங்கே பொருத்தம். அப்படிக் கட்டிய நூல் முழுதாக விரியாது. ஆகவே கட்டுப் பக்கத்து ஓரத்தில் 20 மில்லிமீற்றராவது விடுங்கள். 80 ஜி.எஸ்.எம் தாள், அதாவது ஒரு சதுர மீற்றர் 80 கிராம் நிறையுள்ள தாள், ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்புடையது. 120 பக்கங்கள் 60 தாள்களாகும்போது முதுகு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் வரும். அட்டையை வடிவமைக்கும் முன் சரியான அளவை அச்சகத்திடமே கேட்டு வாங்குங்கள். பக்கங்களைத் தாளில் எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பது அவர்களுடைய வேலை; தாங்கள் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக, வாசிக்கும் வரிசையில் கொடுத்தால் போதும்.

பிளீட் என்பது பக்கத்தின் விளிம்புவரை செல்லும் படத்தையோ நிறத்தையோ வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீற்றர் நீட்டி வைப்பதாகும். வெட்டும் இயந்திரம் சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாதிருக்கவே இது. 210க்கு 297 மில்லிமீற்றர் அளவுள்ள ஏ4 பக்கம், பிளீட்டோடு 216க்கு 303 ஆகும். நான்கு புறமும் வெள்ளை ஓரம் விட்ட உட்பக்கங்களுக்கு இது தேவையே இல்லை; தங்கள் மலரில் அநேகமாக அட்டைக்கு மட்டுமே தேவைப்படும்.

நிறத்தைப் பற்றிய குறிப்பில் செலவைக் குறைக்கும் வழியும் இருக்கிறது. கணினித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சகமோ சயன், மஜென்டா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் அச்சிடுகிறது. முன்னது ஆர்.ஜி.பி, பின்னது சி.எம்.வை.கே. ஓப்செற் அச்சில் ஒவ்வொரு மைக்கும் தனித் தகடு வேண்டும் என்பதால், எழுத்து மட்டுமுள்ள பக்கங்களைக் கறுப்பு ஒன்றிலேயே அச்சிட்டு, வர்ணப் படங்களை ஒரே தொகுதியாகச் சேர்த்து 8 அல்லது 16 பக்கங்களில் வைப்பது சிக்கனமானது. எழுத்துக்கு நூறு வீதக் கறுப்பு மை மட்டுமே வர வேண்டும் என்று அச்சகத்திடம் வற்புறுத்திச் சொல்லுங்கள். ஆர்.ஜி.பி கறுப்பை அப்படியே மாற்றினால் அது நான்கு மைகளின் கலவையாகிவிடும். தகடுகள் மயிரிழை விலகினாலும் சிறிய எழுத்துகளின் சுழிகளும் புள்ளிகளும் நிழல் விழுந்து மங்கிப்போகும். வர்ணப் படங்களில், இரணைமடுக் குளத்து நீலமும் வயலின் இளம்பச்சையும் திரையில் தெரியும் பிரகாசத்தோடு தாளில் வரமாட்டா என்பதை மலர்க்குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேர்டால் சி.எம்.வை.கே கோப்பை உருவாக்க முடியாது. இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் மென்பொருளின் 1.6 பதிப்பு அதைச் செய்யும்; தமிழ் யுனிகோடையும் ஒழுங்காகக் காட்டும்.

300 டி.பி.ஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள். இதை எளிய கணக்காகப் பாருங்கள்: படம் தாளில் எத்தனை அங்குலம் வருமோ, அதை 300-ஆல் பெருக்கினால் வேண்டிய பிக்சல் எண்ணிக்கை கிடைக்கும். அட்டையின் முன்பக்கம் முழுவதற்கும் பிளீட்டோடு ஏறத்தாழ 2551க்கு 3579 பிக்சல்கள் தேவை. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீண்ட பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். அது பதின்மூன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேல் தாங்காது. படங்களை டொக்கியுமென்ற் ஆக அனுப்பச் சொன்னால் மூலக் கோப்பு குறையாமல் வரும். சிறிய படத்தில் எண்ணை மட்டும் 300 என்று மாற்றுவதால் எதுவும் தெளிவடையாது.

பழைய படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இடப்பெயர்வுகளில் வன்னிக் குடும்பங்களும் பாடசாலைகளும் இழந்த படங்கள் பல. எஞ்சியிருக்கும் ஒன்றைச் சட்டகக் கண்ணாடிக்கு மேலாகக் கைபேசியில் எடுத்து மலரில் போடுவது மனதை வருத்துகிறது. உரியவரின் அனுமதியோடு படத்தை வெளியே எடுத்து 600 டி.பி.ஐ.யில் ஸ்கான் செய்யுங்கள். இரு மடங்கு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. முந்திய மலரிலோ பத்திரிகையிலோ அச்சான படமென்றால், ஸ்கானரில் டீஸ்கிரீன் தெரிவை இயக்குங்கள். இல்லாவிட்டால் அச்சுப் புள்ளிகள் வலைபோலத் தெரியும்.

எழுத்துருவை எம்பெட் செய்வதென்றால் அதைப் பி.டி.எப் கோப்புக்குள்ளேயே பதித்து அனுப்புவதாகும். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால், அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையெனில் முழுக் கட்டுரையும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். அவுட்லைன் ஆக்குவது வேறு: எழுத்து வெறும் வடிவமாகிவிடும், பிறகு ஓர் எழுத்துப் பிழையையும் திருத்த முடியாது. அதை அட்டைத் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாமினியில் வந்த ஆக்கங்களை யுனிகோடுக்கு மாற்றினால், காற்புள்ளி வர வேண்டிய இடத்தில் 'இ' வந்திருக்கிறதா, நடுவே இருந்த ஆங்கிலச் சொற்கள் சிதைந்தனவா என்று வரிவரியாகப் பாருங்கள். இந்த 'இ' எத்தனையோ மலர்களில் அப்படியே அச்சேறியிருக்கிறது.

உட்பக்கத்துக்கு 80 ஜி.எஸ்.எம், வர்ணப் பக்கத்துக்கு மேற்பூச்சிட்டு வழவழப்பாக்கிய 130 ஜி.எஸ்.எம் ஆர்ட் தாள், அட்டைக்கு 250 அல்லது 300 ஜி.எஸ்.எம் ஆர்ட் போர்ட் என்பது இத்தகைய மலருக்குப் போதுமானது.

தகடு எடுக்கும் முன் அட்டையின் தாள் புரூப் ஒன்றை, அதாவது சரிபார்ப்பதற்கான அச்சு மாதிரியை, கேளுங்கள். கைபேசித் திரையில் பார்த்து நிறத்துக்குச் சம்மதம் கொடுக்காதீர்கள். உட்பக்கப் புரூப்பில் முதலில் ஆசிரியர், மாணவர், அதிபர் பெயர்ப் பட்டியல்களையும், அமரத்துவமடைந்தோரின் பெயர்களையும் ஆண்டுகளையும் அவர்களை அறிந்த ஒருவரைக்கொண்டு சரிபாருங்கள். பின் கையொப்பமிட்டுத் திகதியும் எழுதி, ஒரு பிரதியைத் தங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வரும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதிய தகட்டுக்கான பணம் கேட்கப்படும்.