ஸ்கேனில் ஜவ்வு கிழிசல் என்றால் உடனே ஆபரேஷனா?

கேள்வி: எனக்கு 48 வயது. நான்கு மாதங்களுக்கு முன் ஓட ஆரம்பித்தேன். ஆறு வாரமாக வலது முழங்காலின் உள்பக்கம் வலிக்கிறது. விழவில்லை, அடிபடவில்லை. படி இறங்கும்போதும் குத்தவைத்து உட்காரும்போதும் வலி கூடுகிறது. ஜிம் பயிற்சியாளர் சொன்ன இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தேன். ‘உள்பக்க மெனிஸ்கஸில் கிரேடு 3 கிழிசல்’ என்று அறிக்கை வந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்குள் துளை போட்டு ஆபரேஷன் செய்யாவிட்டால் மூட்டே தேய்ந்துவிடும் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

பதில்: தேதி குறித்துவிட்டீர்கள் என்றால் முதலில் அதைத் தள்ளிப்போடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு வாரக் கெடுவுக்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. அடிபடாமல் மெல்ல மெல்ல வந்த வலி இது. இதில் அவசரம் உங்கள் முழங்காலுக்கு இல்லை, உங்களை அனுப்பிவைத்தவர்களுக்குத்தான்.

பேச்சில் ஜவ்வு என்று சொல்லும் மெனிஸ்கஸ் என்பது தொடை எலும்புக்கும் அதன் கீழ் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் இருக்கும் குருத்தெலும்பு. ஒவ்வொரு முழங்காலிலும் இரண்டு உண்டு. உடம்பின் பாரத்தைப் பரப்பி வாங்கிக்கொள்வது அவற்றின் வேலை. நாற்பதைத் தாண்டினால், துவைத்துத் துவைத்து ஓரம் நைந்த துணிபோல அவை நையத் தொடங்கும். ‘கிரேடு 3’ என்றதும் நோய் முற்றிவிட்டது என்று நினைத்துப் பயந்திருப்பீர்கள். அப்படி இல்லை. படத்தில் தெரியும் மாற்றம் மெனிஸ்கஸின் மேற்பரப்பைத் தொடுகிறது, அவ்வளவுதான் அதன் பொருள். 1, 2 என்பவை உள்ளேயே நின்றுவிடும் மாற்றங்கள். எவ்வளவு வலிக்கும், ஆபரேஷன் வேண்டுமா என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது.

அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரை, வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு 2008இல் வெளியானது. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியே இல்லை. ஆகவே உங்களுக்குக் கிழிசலும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. ஆனால் கிழிசலால்தான் இந்த வலி என்று படத்தை மட்டும் வைத்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நான்கு மாதத்தில் கூட்டிய ஓட்டத்துக்குத் தொடைத் தசை தயாராக இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

ஆபரேஷனால் என்ன கிடைக்கும்? பின்லாந்தில் உங்களைப் போன்ற 146 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். மறு பாதிக்குத் துளை போட்டு உள்ளே பார்த்துவிட்டு எதையும் வெட்டாமல் துளையை மூடிவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து இரு பக்கமும் ஒரே அளவு நிவாரணம். இது 2013இல் வந்த ஆய்வு. 2016இல் நார்வேயில் 140 பேரிடம் ஆபரேஷனையும் 12 வாரப் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வருடம் கழித்தும் வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வெட்டிய துண்டு திரும்ப வளராது, பாரம் தாங்கும் பரப்புதான் குறையும். செய்யாவிட்டால் தேயும் என்று உங்களைப் பயமுறுத்தியதில் எனக்குக் கோபமே வருகிறது.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வலிக்கிறது என்றதும் ஒரு ஸ்கேன் சென்டரின் பெயரைச் சொல்லும் பயிற்சியாளரிடம், எதற்காக அந்த இடம் என்று கேளுங்கள். ஆள் அனுப்பினால் கமிஷன் என்ற ஏற்பாடு பல இடங்களில் நடக்கிறது. ஸ்கேனில் தொடங்கி, ஆபரேஷன் ‘பேக்கேஜ்’, ஊசி, மூட்டுக்குப் பவுடர், முழங்கால் உறை என்று ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு உங்களைக் கடத்திக்கொண்டே போவார்கள். முழங்காலைத் தொட்டுப் பார்க்காமல், மடக்கி நீட்டச் சொல்லாமல், அறிக்கையை மட்டும் படித்துவிட்டு ஆபரேஷன் என்று சொல்கிறவர் எவ்வளவு பெரிய பெயர் வாங்கியவரானாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். முழங்கால் ‘பூட்டிக்கொள்வது’ வேறு விஷயம். கிழிந்த துண்டு மூட்டுக்குள் புரண்டு சிக்கிக்கொண்டால் காலை முழுதாக நீட்டவே முடியாது. நீங்கள் முயன்றாலும் முடியாது, இன்னொருவர் மெதுவாகப் பிடித்து நீட்டினாலும் ஓரிடத்தில் தடுத்து நிற்கும். அப்படி நின்றுவிட்டால் நாள் கடத்தாமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அங்கே ஆபரேஷன் தேவைப்படலாம். ஆனால் மடக்கும்போது ‘கடக்’ என்ற சத்தம் கேட்பது பூட்டு அல்ல. ஒரு நொடி மாட்டியதுபோல் இருந்து விடுபடுவதும் பூட்டு அல்ல. வீக்கத்தாலோ பயத்தாலோ நீட்டத் தயங்குவதும் அல்ல. மல்லாந்து படுத்து இரண்டு குதிகாலையும் ஒரே உயரத் தலையணையில் வையுங்கள். தொடையைத் தளர்த்திவிட்டு, இரண்டு முழங்காலும் ஒரே அளவு நீள்கிறதா என்று பாருங்கள். நீண்டால் பூட்டு இல்லை. முழங்கால் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது. படுத்துக் கிடக்க வேண்டாம். ஓட்டத்தையும் ஆழமாகக் குத்தவைப்பதையும் சில வாரம் நிறுத்துங்கள். சமதளத்தில் நடக்கலாம், சீட்டை உயர்த்திவைத்து சைக்கிள் மிதிக்கலாம். வாரம் மூன்று நாள் தசைப் பயிற்சி செய்யுங்கள்: காலை நீட்டியபடி தூக்குவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, தாழ்ந்த படியில் ஏறி இறங்குவது. செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். பத்துக்கு மூன்று, நான்கு வரை பொறுக்கலாம். மறுநாள் வீங்கினாலோ வலி கூடி நின்றாலோ அளவைக் குறையுங்கள். முடிந்தால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் முதல் சில முறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

இதை உங்களுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்றால், சொல்வதற்குக் கால் மணி நேரம் வேண்டும். ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் ஒதுக்கும் அமைப்பில் அந்தக் கால் மணி நேரம் கிடையாது. ஆபரேஷனுக்குப் பணம் தரும் காப்பீடுகள் பல, பயிற்சிக்குத் தருவதில்லை. இது மாறாதவரை உங்களைப் போன்றவர்கள் தேவையில்லாமல் மேஜையில் படுத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

பன்னிரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள். வலி குறைந்தால், ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று மறுபடி ஆரம்பிக்கலாம். குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், ஜிம்முக்கோ அந்த ஸ்கேன் சென்டருக்கோ சம்பந்தமில்லாத ஒருவராக.