ரெண்டாங்கை எங்கே மெருகேற்றுவது?

கேள்வி: சிங்கப்பூரில் ஓர் உணவகத்தில் சமையல்காரராக இருக்கிறேன். இந்தோனேசியாவின் மாட்டிறைச்சி ரெண்டாங்கை உயர்தர உணவகத்துக்கு ஏற்றபடி நயமாக்கிப் பார்த்தேன். இறைச்சியைக் காற்று நீக்கிய பையில் அடைத்து 60 டிகிரி வெந்நீரில் 24 மணி நேரம் வேகவிட்டேன். மசாலாவைத் தேங்காய்ப்பாலில் தனியே கொதிக்கவைத்து, மிதந்த எண்ணெயை எடுத்து, சக்கையை வடிகட்டி, பளபளப்பான சாறாக இறைச்சியின் மேல் ஊற்றினேன். உடன் வேலை செய்யும், சுமத்ராவின் பாடாங் ஊர்க்காரர் சாப்பிட்டுவிட்டு, "எனாக், தாப்பி புக்கான் ரெண்டாங்" என்றார். ருசிதான், ஆனால் ரெண்டாங் இல்லையாம். பழைய உணவை நயமாக்குவது அவ்வளவு பெரிய குற்றமா?
— ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: குற்றமே இல்லை. உங்கள் நண்பரும் குற்றம் என்று சொல்லவில்லையே. ருசி என்று ஒப்புக்கொண்டு, பெயர் பொருந்தவில்லை என்று மட்டும்தான் சொன்னார். அதற்கு நீங்கள் பழமை, புதுமை என்று வழக்கைப் பெரிதாக்கியிருக்கிறீர்கள்.

ரெண்டாங் என்பது மாட்டிறைச்சியின் பெயரன்று. ஒரு செய்முறை போய் முடியும் இடத்தின் பெயர். மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் எருமை இறைச்சியிலும் கிளிஞ்சலிலும் பிஞ்சுப் பலாவிலும்கூட ரெண்டாங் செய்கிறார்கள். பாயாகும்பு நகரம் முட்டை ரெண்டாங்குக்கே பெயர் போனது. (சைவ வாசகர்கள் பலாவைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து படிக்கலாம்.) பொருள் மாறினாலும் பெயர் மாறாததற்குக் காரணம், சட்டிக்குள் நடக்கும் காரியம் மாறாததுதான். தேங்காய்ப்பாலும் அரைத்த மசாலாவும் இறைச்சியும் சேர்ந்து கொதித்து, குழம்பாக இருக்கும் வரை அது 'குலாய்'. பால் சுண்டி, எண்ணெய் கக்கி, செம்பழுப்பாகக் கெட்டிப்பட்டுவிட்டால் 'காலியோ'. அங்கேயும் அடுப்பை அணைக்காமல், நீர் முழுவதும் வற்றி, தேங்காயே விட்ட எண்ணெயில் இறைச்சி வறுபட்டுக் கருத்த பிறகுதான் ரெண்டாங். ஒரே சட்டி, மூன்று பெயர்கள். அந்த ஊரில் சட்டியை எட்டிப் பார்ப்பவர் இப்போது எந்தப் பெயர் என்று நிறத்தைக் கொண்டே சொல்லிவிடுவார்.

நீங்கள் செய்ததை இதனோடு வைத்துப் பாருங்கள். சட்டியில் நீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். நீர் போன பிறகுதான் எண்ணெயின் சூடு அதைத் தாண்டி ஏறும், அந்தக் கருமையும் வறுத்த மணமும் அப்போதுதான் பிறக்கும். 60 டிகிரியில் பையோடு வெந்த இறைச்சி, சாறு முழுவதும் வற்றிப்போகாமல் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். மேலைநாட்டுச் சமையற்கூடத்தில் அது பெருமைக்குரிய செய்தி. ரெண்டாங்குக்கு அது தொடக்கம்கூட இல்லை, ஏனெனில் ரெண்டாங் நீரைத் துரத்துகிற சமையல். ஊரைவிட்டு வெளியூர் போய்ப் பிழைப்பதை 'மெரந்தாவ்' என்று ஒரு வழக்கமாகவே வைத்திருக்கும் மக்கள், குளிர்பெட்டி இல்லாத காலத்தில் வாரக்கணக்கில் கெடாமல் கொண்டுசெல்ல முடிந்த பண்டம் அது. வறட்சி அதன் குறையன்று, வேலை.

வடிகட்டிய விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் எனக்கு உண்மையாகவே மனம் பதறியது. சட்டியின் அடியில் தேங்காய்ப்பாலின் திடப்பகுதியும் மசாலாவும் சேர்ந்து, மணல் மணலாக, கரும்பழுப்பாகத் திரண்டு நிற்பதற்கு 'டெடாக்' என்று பெயர். வெறும் சோற்றில் அதை மட்டும் பிசைந்து சாப்பிட்டு எழுந்துவிடலாம். மினாங்கபாவ் வழக்கில் ரெண்டாங்கின் பொருள்களுக்கு ஒரு விளக்கமும் உண்டு: இறைச்சி குலத்தலைவர்களான தாய்மாமன்மார், தேங்காய் கற்றறிந்தோர், மிளகாய் சமய அறிஞர்கள், மற்ற மசாலாக்கள் ஊர்மக்கள். இந்தக் கணக்குப்படி, தலைவரைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஊர்மக்களை வடிகட்டிக் குப்பையில் கொட்டியிருக்கிறீர்கள். பாடாங்காரர் முகம் சுளிக்காமல் "ருசி" என்றது அவருடைய பண்பு.

அயலான் அளவுகோலால் இந்த உணவை அளப்பது உங்களோடு தொடங்கியதன்று. 2018-இல் பிரிட்டன் தொலைக்காட்சியின் சமையல் போட்டி ஒன்றில் மலேசியப் போட்டியாளர் கோழி ரெண்டாங் சமைத்தபோது, தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் குறை சொன்னார். யாருடைய உணவு என்று ஓயாமல் சண்டையிடும் மலேசியாவும் இந்தோனேசியாவும் அன்றைக்கு ஒரே குரலில் சிரித்தன.

அப்படியென்றால் நயத்துக்கு இடமே இல்லையா? நிறைய இருக்கிறது; நீங்கள் தேடிய இடத்தில்தான் இல்லை. ஒரு கிலோ தொடைக்கறியைக் கொழுப்பு நீக்கி, நான்கு அல்லது ஐந்து சென்டிமீட்டர் துண்டுகளாக, ஒன்றுபோல வெட்டுங்கள். சிறிதாக வெட்டினால் கடைசிக் கிளறலில் நாராகிவிடும். இறைச்சியை முதலில் வறுத்துக்கொள்ள வேண்டாம், வறுபடுவது கடைசியில் தானே நடக்கும். பெட்டிப் பாலை நம்பாமல் மூன்று முற்றிய தேங்காய்களிலிருந்து பால் பிழியுங்கள். சிவப்பு மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, பேரரத்தை ஆகியவற்றை வெண்ணெய் போல அரையுங்கள், ஏனென்றால் டெடாக்கின் நயம் அரைப்பில்தான் இருக்கிறது. மஞ்சள் இலை, எலுமிச்சைப்புல், லிமாவ் பூருட் என்னும் எலுமிச்சை வகையின் இலை, நம் குடம்புளிக்கு உறவான கண்டிஸ் புளி ஆகியவற்றை முழுதாகவே போட்டுவிட்டு, பரிமாறும்போது பொறுக்கி எடுங்கள். நார் பல்லில் படக்கூடாது என்ற உங்கள் அக்கறை அங்கே செல்லுபடியாகும்.

பிறகு நான்கு மணி நேரமாவது அகன்ற இருப்புச்சட்டியின் பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் அவ்வப்போது கிளறினால் போதும், பால் திரியாமல் பார்த்துக்கொண்டால் சரி. கடைசி ஒரு மணி நேரத்தில்தான் சமையல்காரரின் தரம் தெரியும். அப்போது சட்டியின் சத்தம் மாறும். கெட்டியான குமிழிகள் 'பொளக் பொளக்' என்று வெடித்தது நின்று, எண்ணெய் மெல்லச் சடசடக்கத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் தீயைக் குறைத்து, துண்டுகள் உடையாதபடி அகப்பையை அடியோடு வழித்துப் புரட்டிக்கொண்டே இருங்கள். அடிப்பிடித்த கருப்புக்கும் வறுபட்ட கருப்புக்கும் இடைவெளி சில நிமிடங்கள்தான். முன்னது கசக்கும், பின்னது இனிக்கும். மிஞ்சிய எண்ணெயை இந்தக் கட்டத்துக்குப் பிறகு வடித்துக்கொள்ளலாம். நீங்கள் முன்பே எடுத்துவிட்டது இறைச்சி வறுபட வேண்டிய எண்ணெயை.

இவ்வளவு நேரம் அடுப்பு ஒதுக்க உங்கள் உணவகத்தால் ஆகாதென்றால், காலியோவில் நிறுத்திக்கொண்டு உணவுப் பட்டியலிலும் 'காலியோ' என்றே அச்சிடுங்கள். அது குறைப்பிரசவமன்று, சாறோடு இருக்கும்போதே சாப்பிட ஆசைப்படுபவர்கள் பாடாங்கிலேயே உண்டு. வெந்நீர்ப் பையில் செய்ததற்கும் வேறொரு பெயர் சூட்டி விற்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ரெண்டாங்தான் வேண்டுமென்றால் வட்டிலில் இரண்டு துண்டுகள், பக்கத்தில் ஒரு கரண்டி டெடாக், வெறும் வெள்ளைச் சோறு. மேலே நுரையும் பூவும் வேண்டாம். சமைத்த அன்றைக்கே உங்கள் நண்பரை அழைத்துவிடாதீர்கள். மூடி வைத்து, மறுநாள் ஒருமுறை சூடாக்கி, மூன்றாம் நாள் அழையுங்கள்.