கைதிகள் எழுப்பிய பண்ணைகள்: பிரிக்கெண்டன், வுல்மர்ஸ் கேள்வி பதில்

(ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் லாங்ஃபோர்டு அருகே, மக்வாரி ஆற்றின் இரு கரையிலும் உள்ள பண்ணைகள் இவை. பிரிட்டன் கப்பலேற்றி நாடுகடத்திய கைதிகள் இங்கே வேலை செய்தார்கள். 2010 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.)

கே: இரண்டும் ஒரே குடும்பத்துடையதா?

ஆம், ஆர்ச்சர் குடும்பம். தாமஸ் 1817இல் வுல்மர்ஸையும், சகோதரர் வில்லியம் 1824இல் பிரிக்கெண்டனையும் தொடங்கினர்.

கே: கைதிகளை விலங்கு பூட்டி உழவைத்தார்களா?

இல்லை. சங்கிலிக் கும்பல் அரசின் சாலை வேலைக்கு. இங்கே இருந்தது ஒப்படைப்பு முறை: அரசு ஆளைத் தரும், கூலி இல்லை, சோறு, துணி, தங்க இடம் பண்ணைக்காரர் பொறுப்பு. ஆண்கள் கொல்லர், கொத்தனார், உழவர். பெண்களுக்குப் பெரும்பாலும் வீட்டுவேலை.

கே: பிரிக்கெண்டன் தானியக் களஞ்சியம் ஏன் கல் தூண்மேல் நிற்கிறது?

எலிக்காக. தூணின் தலையில் காளான் குடைபோல் அகன்ற கல் இருக்கும். ஏறிவரும் எலி அதன் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்க வேண்டும், முடியாது. அடியில் காற்றோட்டம் இருப்பதால் தானியம் பூசணம் பிடிக்காது. ஆனால் ஏணியைச் சாய்த்தபடியே விட்டாலோ, சுவரோரம் செடி மண்டினாலோ குடைக்கல் இருந்தும் பயனில்லை. எலிக்கு ஒரு பாலம் போதும். நெல் சேமிக்கும் நம் குதிர்களையும் மேடைமேல்தான் வைத்தோம். இந்தக் குடைதான் அதில் இல்லை.

கே: பழைய செங்கல் சுவரில் சிமென்ட் பூசலாமா?

கூடாது. இதை எத்தனை தடவை சொல்வது! சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துவிடும். ஈரம் மென்மையான செங்கல் வழியே வெளியேறும், உப்பு பூத்து முகப்பு செதில் செதிலாக உதிரும். இணைப்பின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்குப் பழைய சாந்தைக் கையால் சுரண்டி, செங்கல்லை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து நிரப்புங்கள். மேலே ஈரச் சாக்கு போடுங்கள். வேகமாகக் காய்ந்தால் பொடிந்துவிடும்.

கே: கூலி இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அடிமைமுறைதானே?

சட்டப்படி இல்லை. தண்டனை 7 ஆண்டு, 14 ஆண்டு, ஆயுள் என்று அளவிட்டது. ஆளை விற்க முடியாது. தண்டனை பிள்ளைக்குப் போகாது. எஜமானர் தானே சவுக்கெடுக்கவும் கூடாது, மாஜிஸ்திரேட்டிடம்தான் அனுப்ப வேண்டும்.

கே: அந்த மாஜிஸ்திரேட்டும் இன்னொரு பண்ணைக்காரர்தானே?

சரியான அடி. தாமஸ் ஆர்ச்சரே மாஜிஸ்திரேட். 1838இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மோல்ஸ்வர்த் குழுவும் இம்முறையை அடிமைமுறையோடு ஒப்பிட்டுத்தான் கண்டித்தது, அதன்பின் கைவிடப்பட்டது. ஆக, சட்டத்தில் வேறு, நடப்பில் நெருக்கம். அந்த நிலமே பூர்வகுடிகளிடமிருந்து பிடுங்கியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: கைதிகளுக்குக் காலில் சங்கிலி உண்டா?

மேலே பாருங்கள்.

கே: செங்கல்லில் விரல் தடம் இருந்தால் கைதி செய்ததா?

பச்சைச் செங்கல்லை யார் தூக்கினாலும் தடம் விழும். ஆவணம் பாருங்கள்: டாஸ்மேனிய ஆவணக் காப்பகத்தில் ஒப்படைப்புக் கால ஆண்களின் நடத்தைப் பதிவு கான் 31 (CON31) என்ற தொகுதி, பெண்களுடையது கான் 40 (CON40). இணையத்தில் இலவசம். தேடும்போது கைதியின் பெயரோடு வந்த கப்பலின் பெயரையும் கொடுங்கள். ஒரே பெயரில் பலர் உண்டு.

கே: சங்கிலி...

இல்லை.