பிரபுவின் கனிவு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் 'கொழுப்புருண்டை' கதையை வாசித்தேன். எலிசபெத்தைப் பலிகொடுக்கும் கூட்டத்தில் பிரபு மட்டும் கனிவானவராகத் தெரிகிறார். 'என் குழந்தாய்' என்றுதான் அவளிடம் பேசுகிறார். அவரையும் மற்றவர்களோடு சேர்த்தது நியாயமா? கடைசியில் அவள் ஏன் ஒரு வார்த்தைகூடத் திருப்பிக் கேட்கவில்லை? கதை சற்று நீளமோ என்றும் தோன்றியது.

கே.

அன்புள்ள கே.,

நீளத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நிதானமாகப் படியுங்கள். பிரபுவுக்காகத்தான் இந்தப் பதில். அவரைப் போன்றவர்களைப் பற்றியே சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரஷ்யப் படை பிடித்த பிரான்ஸின் ரூவான் நகரிலிருந்து பனியில் கிளம்பும் குதிரை வண்டி. எல்லோருக்கும் பசி. பாலியல் தொழிலாளியான எலிசபெத்தின் கூடையில் மட்டும்தான் சாப்பாடு. வாங்கித் தின்னக் கூசிய கண்ணியவான்கள் சார்பில், "நன்றியோடு ஏற்கிறோம், அம்மணி" என்றவர் இதே பிரபு. பிறகு தோத் என்ற ஊரில் பிரஷ்ய அதிகாரி வண்டியை மறிக்கிறான். அவள் தன் இச்சைக்கு இணங்கினால்தான் விடுவானாம். அவள் மறுக்கிறாள். கையையும் காலையும் கட்டி ஒப்படைத்துவிடலாம் என்று குதிக்கிறான் ஒயின் வியாபாரி லுவாஸோ. மூன்று தலைமுறையாகத் தூதர்கள் வந்த குடும்பத்துப் பிரபுவோ, அவளை இணங்கவைக்க வேண்டும் என்கிறார். இந்த இடத்தை எப்படித் தாண்டிப் போனீர்கள்?

கதையில் பிரபுவின் கையை மட்டும் கவனியுங்கள். உலாவப் போகும்போது அவளுக்குக் கை கொடுத்து, மற்றவர்களுக்குப் பின்னால் நடந்து, தகப்பனைப் போலப் பேசுகிறார். நியாயம் சொல்கிறார், புகழ்கிறார், நாங்கள் நன்றி மறக்க மாட்டோம் என்கிறார். அன்றிரவு காரியம் முடிந்ததா என்று விடுதிக்காரரிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டவரும் அவரே. நாகரிகம் கருதி மற்றவர்களுக்கு வாயால் சொல்லவில்லை, லேசாகத் தலையை மட்டும் அசைத்தார். மறுநாள் காலை எலிசபெத் வண்டியருகே வருகிறாள். பிரபு தன் மனைவியின் கையைப் பிடித்து, எலிசபெத் மேலே பட்டுவிடாதபடி விலக்கி அழைத்துப் போகிறார். முந்தின நாள் அவளுக்குக் கொடுத்த கை ஐயா அது!

லுவாஸோவை எதிர்த்து அவளால் நிற்க முடிந்திருக்கும். மிரட்டுகிறவனிடம் நம் முதுகெலும்பு தானாக நிமிர்ந்துகொள்கிறது. 'அம்மா' என்று கூப்பிடுகிறவரிடம் மறுக்கும்போது நாமே கெட்டவர்களாகிவிட்டதாகத் தோன்றிவிடுகிறது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பெண் தன் மேலதிகாரி மீது புகார் எழுதிக் கொடுத்தாள். எல்லோரும் மதிக்கும் மூத்தவர் ஒருவர் அவளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, "நீ என் மகள் மாதிரி, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்" என்று ஒரு மணி நேரம் பேசினார். குரலில் தேன் ஒழுகும். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். அதன்பின் அவள் உட்காரும் மேஜைக்கு அவர் தன் டிபன் டப்பாவைக் கொண்டுவரவே இல்லை. அவள் இன்றும் அவரை நல்ல மனிதர் என்றுதான் சொல்கிறாள், உங்கள் பிரபுவை நீங்கள் சொல்வதைப் போல.

திருப்பிக் கேட்க எலிசபெத் வாய் திறந்ததையும், ஆத்திரம் தொண்டையை அடைத்ததையும் மாப்பசான் எழுதியே இருக்கிறார். உங்களுக்கு இரக்கம் இருக்கிறது, கடிதத்திலேயே தெரிகிறது. அதைப் பிரபுவுக்குக் கொடுத்து வீணாக்காதீர்கள். அவர் வரும் இடங்களை மட்டும் மறுபடி படித்துவிட்டு எழுதுங்கள்.